பஞ்ச கோசங்கள் வெங்காயத் தோல் மாதிரியா?

கேள்வி: "மனிதனுக்கு ஐந்து உறைகள் இருக்கின்றன, மேலே இருப்பது உடல், ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஆத்மா என்று யோகா வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையில் அப்படித்தானா?"

எனக்கும் இதே வெங்காயக் கதையைத்தான் சொன்னார்கள். முழங்கால் வலிக்கிறது என்றேன். "அது அன்னமய கோசம், வெறும் மேலுறைதானே, கண்டுகொள்ளாதீர்கள்" என்று பதில் வந்தது. வலித்தது என்னவோ எனக்குத்தான். அந்த எரிச்சலில்தான் மூலத்தை உரையோடு வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

மூலம் தைத்திரீய உபநிடதம். அதன் இரண்டாம் பகுதியான பிரம்மானந்தவல்லியில் அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று வரிசையாக வருகின்றன. உணவாலான உடல், உயிர்மூச்சு, நினைக்கிற மனம், தீர்மானிக்கிற அறிவு, ஆனந்தம் என்று தோராயமாகச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஐந்தையும் விவரிக்கும் இடத்தில் 'கோசம்' என்ற சொல்லே கிடையாது. ஒவ்வொன்றையும் 'ஆத்மா' என்றே அது அழைக்கிறது. வாளுக்கு உறை போல என்கிற பேச்சைப் பரப்பியது பின்னால் வந்த வேதாந்த நூல்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இந்த ஐந்து இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை 'நிறைக்கிறது' என்கிறது உபநிடதம். பிராணன் உடலை நிறைக்கிறது. அதுவும் மனித வடிவத்திலேயே இருக்கிறது. ஈர மணலில் தண்ணீர் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியுமா? எனக்கு அப்படித்தான் புரிந்தது. வெங்காயத்தில் ஒரு தோல் அடுத்த தோலை நிறைப்பதில்லை.

உடலும் மனமும் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பதற்குச் சாந்தோக்கிய உபநிடதத்தில் அருமையான கதை ஒன்று உண்டு. 12 வருஷம் வேதம் படித்துவிட்டுக் கர்வத்தோடு வீட்டுக்கு வந்தவன் சுவேதகேது. அவனைப் 15 நாள் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார் அப்பா உத்தாலகர். தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடிக்கலாம், பிராணன் நீராலானது, போய்விடாது என்கிறார். அப்புறம் வேதத்தைச் சொல்லு என்றால், பையனுக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. பெரிய நெருப்பு அணைந்து மின்மினி அளவு கங்கு மிஞ்சினால் அது எதை எரிக்கும் என்று கேட்டுவிட்டு, போய்ச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் சொல்கிறான். மனம் அன்னத்தாலானது என்பதுதான் பாடம். நம் ஊரில் இதையே 'பசி வந்தால் பத்தும் பறக்கும்' என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள்.

ஐந்தாவதான ஆனந்தமயத்தில்தான் பெரிய சண்டை. எழுந்ததும் "ஒன்றுமே தெரியாமல் சுகமாகத் தூங்கினேன்" என்கிறோமே, ஒன்றும் தெரியாதவருக்குச் சுகமாக இருந்தது எப்படித் தெரியும்? அந்த உறக்கத்தை ஆனந்தமயத்தோடு சேர்க்கிறது சங்கரரின் அத்வைதத் தத்துவம். ஆனால் அதுவும் இன்னொரு உறைதான், எல்லாவற்றுக்கும் மூலமான பிரம்மம் அதற்கும் ஆதாரமாக இருப்பது என்கிறார் சங்கரர். இல்லை, ஆனந்தமயன் என்பதே பிரம்மம்தான் என்கிறார் ராமானுஜர். இருவரும் வாதாடுவது, உபநிடதக் கருத்துகளைத் தொகுத்துச் சொல்லும் பிரம்மசூத்திரம் என்ற ஒரே நூலை வைத்து! இதில் யார் சரி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த பகுதியான பிருகுவல்லியில், பிரம்மம் எது என்று பிருகு தன் அப்பா வருணனிடம் கேட்கிறான். தவம் செய்து பார் என்கிறார். அன்னமே பிரம்மம் என்று கண்டுபிடிக்கிறான். திருப்தியில்லை, திரும்பி வருகிறான். அப்புறம் பிராணன், மனம், விஞ்ஞானம். ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் இருந்து அதே பதில்தான். ஐந்தாவதாக ஆனந்தத்தைக் கண்டபின் அவன் திரும்பி வரவில்லை. வெங்காயக் கதைப்படி உபநிடதம் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த பத்தியே 'அன்னத்தை இகழாதே' என்றுதான் தொடங்குகிறது. அன்னத்தைப் பெருக்கு, வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று தொடர்கிறது. ஐந்தையும் கடந்தவன் கடைசியில் பாடுகிற பாட்டிலும் 'நான் அன்னம், நான் அன்னம், நான் அன்னம்' என்று மூன்று முறை வருகிறது.

முழங்காலுக்கு இப்போது வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.