டிரைவரை மாற்றவா, பயிற்சிக்குப் போகவா?

கேள்வி: மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். வலது கை ஆட்டம். டிரைவரை, அதாவது தூரமாக அடிப்பதற்கான பெரிய தலை மட்டையை, கையில் எடுத்தால் பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரத்தில் வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. குறைந்த தூரத்துக்கான ஒன்பதாம் அயர்ன் மட்டையில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. என் டிரைவர் எட்டு வருடப் பழசு. கூட ஆடும் நண்பர் புதிதாக ஒன்று வாங்கி, இருபது யார்டு கூடுதலாகப் போகிறது என்கிறார். சேர்த்து வைத்த பணத்தில் ஒன்று புது டிரைவர் வாங்கலாம், இல்லை ஏழெட்டு வகுப்புக்குப் போகலாம். எதைச் செய்வது?

பதில்: வகுப்புக்குப் போங்கள். டிரைவர் காத்திருக்கட்டும்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "நேராகக் கிளம்பி, பிறகு வலது பக்கம் வளைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிபடும் நொடியில் கிளப்பின் (மட்டையின்) முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் கிளம்பும். ஆகவே முகத்தை இலக்குக்கு நேராகவே கொண்டுவருகிறீர்கள். கிளப் போகும் பாதைதான் வெளியிலிருந்து உள்ளே, அதாவது இலக்குக்கு இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. முகம் ஒரு திசை, பாதை வேறு திசை. அந்த இடைவெளிதான் பந்தைச் சாய்வாகச் சுழலவைத்து வலது பக்கம் வளைக்கிறது. ஒன்பதாம் அயர்னிலும் இதே பாதைதான் இருக்கும். அதன் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி அதிகம், அதனால் வளைவு தெரியாது. டிரைவரில் அந்தச் சாய்வு மிகக் குறைவு, தவறு அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்து வலது பக்கம் போகிறதே என்று, நம்மை அறியாமலே தோளை இடது பக்கம் திருப்பி நிற்கத் தொடங்குவோம். தோள் திரும்பினால் பாதை இன்னும் இடது பக்கம் போகும், வளைவு இன்னும் கூடும். அப்புறம் இன்னும் கொஞ்சம் திரும்பி நிற்போம். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர, பின்னால் நின்று பார்க்கிற ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். நானும் ஒரு டிரைவர் வாங்கிப் பார்த்தவன். இரண்டு வாரம் பந்து நேராகப் போனது, மூன்றாவது வாரம் பழைய வளைவு திரும்பி வந்துவிட்டது. புதுக் கிளப்போடு கவனமாக ஆடினேன், கவனம் குறைந்ததும் பழைய ஸ்விங், அதாவது மட்டையை வீசும் பழைய விதம், வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நண்பர் சொல்லும் இருபது யார்டு பொய் என்று சொல்லமாட்டேன். அவருடைய பழைய கிளப்பின் ஷாஃப்டோ (தண்டோ) முகச் சாய்வோ அவருக்குப் பொருந்தாமல் இருந்திருக்கலாம். ஆனால் டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, முகம் பந்தைத் துள்ளவைப்பதும் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்பே தயாரிப்பாளர்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் படாத அடியைப் புதியவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கிக்கொள்ளும், அது உண்மை.

வலது வளைவைக் குறைப்பதற்கென்றே, குதிப் பக்கம் (தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) எடை கூட்டிய டிரைவர்களும் விற்கிறார்கள். அதை இப்போது வாங்கினால், நாளைக்கு உங்கள் பாதை சரியானதும் அதே கிளப் பந்தை இடது பக்கம் இழுக்கும். இன்றைய ஸ்விங்குக்கு அளவெடுத்த சட்டை, திருத்திய ஸ்விங்குக்குச் சேராது.

சரி, கிளப்பைத் தொடவே வேண்டாமா? ஒரு விஷயம் மட்டும் உடனே பாருங்கள்: கிரிப், அதாவது கைப்பிடி உறை. ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால், நழுவிவிடுமோ என்று கை இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு திரும்பாது. கிரிப் மாற்ற அதிகம் செலவாகாது, டிரைவர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்புறம், கிளப் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை மெல்லிசாக அடித்து ஐந்தாறு பந்து அடியுங்கள். வெள்ளையில் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் நடுவில் இருந்தால் பாதைதான் முழுப் பிரச்சினை. ஷாஃப்ட் பக்கமாக, குதியில் விழுந்தால், அந்த அடியே பந்தை வலது பக்கம் வளைக்கும். பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா, ஷாஃப்ட் உங்களுக்கு நீளமா என்று கோச் பார்க்கவேண்டும்.

எட்டு வகுப்பையும் ஒரே மாதத்தில் முடிக்காதீர்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். இடையில் ரேஞ்சுக்கு (பந்து அடித்துப் பழகும் மைதானத்துக்கு) போய், சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றை மட்டும் பாதி வேகத்தில் செய்யுங்கள். பந்துக்கு ஓரடி பின்னால், உங்களிடமிருந்து தள்ளி வெளிப்புறமாக, ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதில் படாமல் அடித்துப் பழகலாம். வெளியிலிருந்து வரும் கிளப் துண்டைத் தட்டிவிடும், யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். முதல் சில வாரம் ஆட்டம் இன்னும் மோசமாகும். அப்போது பாதியில் விட்டுவிடாதீர்கள், ஸ்கோர் எழுதுகிற ஆட்டத்தையும் தள்ளிவையுங்கள்.

முதல் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பவுடர் அடையாளத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய டிரைவரையும் கையோடு கொண்டுபோங்கள். கோச் உங்களை அடிக்கச் சொல்வதற்கு முன்பே பாதி விஷயம் அவருக்குப் புரிந்துவிடும்.