கடலூர் பக்கம் கிராமத்தில் புயல், மழைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: சென்னையிலிருந்து கடலூர் அருகே ஒரு கிராமத்துக்குக் குடிவந்திருக்கிறோம். மாடி இல்லாத கான்கிரீட் வீடு, தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் ஓர் அவசரப் பை தயாராக வைத்துக்கொண்டால் போதுமா? ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்:

பை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. டார்ச், பிஸ்கட், மெழுகுவத்தி, ஆதார் நகல் என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் தருகிறார்கள். அது புயல் அடிக்கிற அந்த ஒரு ராத்திரியை நினைத்து எழுதியது. எங்கள் பக்கத்தில் அந்த ராத்திரி எப்படியாவது கழிந்துவிடும். மழை விட்டு, வெயில் எட்டிப் பார்த்து, ஈரத் துணியைக் கொடியில் போடுகிற நேரத்தில்தான் பாடு ஆரம்பிக்கும். நான் மாட்டிக்கொண்ட இரண்டு பெரிய புயல்களிலும் அப்படித்தான் ஆனது.

முதலாவது, 'தானே' புயல். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. தலைப்பிரசவம் முடிந்து பண்ருட்டிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன், கையில் இரண்டு மாதக் குழந்தை. காற்று அடங்கியதும் அப்பா கதவைத் திறந்தார். எங்கள் முந்திரிக் கொல்லையிலிருந்து பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. அதுவரை அது தெரிந்ததே இல்லை. நடுவிலிருந்த முந்திரி, பலா எல்லாம் படுத்துவிட்டன. அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முந்திரி வைத்தால் நல்ல காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், பலாவுக்கு அதற்கும் மேல். அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது, விடுங்கள்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. சாய்ந்த கம்பங்களை எண்ணவே ஒரு வாரம் போயிருக்கும். கரண்ட் இல்லையென்றால் இருட்டுதானே, சமாளித்துவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். கிராமத்தில் கரண்ட் போனால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். போர் மோட்டார் ஓடாது, ஊர் டேங்க் ஏறாது, தெருக்குழாய் வராது. சுற்றிலும் குட்டையாகத் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு குடம் இருக்காது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் துணி அலசத் தண்ணீர் இல்லாமல் அம்மா அழுததை நான் மறக்கவில்லை. மேலத்தெருவில் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. மூன்று நாள் மொத்த ஊரும் அதைத்தான் அடித்தது. அப்புறம் டிராக்டரில் ஜெனரேட்டர் கட்டிக்கொண்டு வந்து ஊர் மோட்டாரை ஓட்டினார்கள், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். போனுக்கு சார்ஜ் போட 10 ரூபாய் கொடுத்து வரிசையில் நின்றோம்.

ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள். புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்த அன்றே மொட்டை மாடி சின்டெக்ஸை ரொப்பிவிடுங்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கி எறியும், நிரம்பிய தொட்டி அசையாது. ரொப்பியதும் மேலிருந்து இறங்கும் வால்வை மூடிவையுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு ஒரே நாளில் காலி செய்துவிடுவார். குடிக்கிற தண்ணீருக்கு மூடி போட்ட டிரம் தனியாக. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு ஒரு வாரத்துக்கு வையுங்கள். வெள்ளம் ஏறி இறங்கிய கிணறு, போர் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிறார்களா? எங்கள் அத்தைக்கு உண்டு. ஃபிரிட்ஜ் நின்றவுடன் பதறிப்போய் ஐஸுக்கு அலைந்தோம், அலைந்திருக்கத் தேவையில்லை. பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் கொட்டி, அதற்குள் சின்னப் பானையை வைத்து, பாட்டிலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடினால் போதும். ஐஸில் நேரடியாக வைத்து உறைந்துபோனால்தான் இன்சுலின் வீணாகும். பெரும்பாலான வகைகள், திறந்த பாட்டில்கூட, 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நாலு வாரம் தாங்கும். உங்களுடையது எப்படி என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர், தைராய்டு மாத்திரைகளை தீபாவளிக்கே ஒரு மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். கையில் சில்லறை நோட்டும் வேண்டும். டவர் விழுந்த ஊரில் ஜிபேயும் வேலை செய்யாது, ஏடிஎம்மும் வேலை செய்யாது.

இரண்டாவது ஃபெஞ்சல், 2024. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் என் புகுந்த வீடும் உங்கள் வீடு மாதிரியே தென்பெண்ணைக்குப் பக்கம்.

நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. எங்கள் வீட்டில் ஓடு நாலு பறந்தது, கொல்லையில் வாழை சாய்ந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை குறைந்தது. 'தானே மாதிரி இல்ல, போயிடுச்சு' என்று மாமா சொன்னார். நானும் நம்பி, மேலே ஏற்றிவைத்திருந்த அரிசி மூட்டையை இறக்கித் தரையில் வைத்தேன்.

அதே சமயம் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குப் போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையில் கட்டியிருக்கிற சாத்தனூர் அணைக்குத்தான் வரும். அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். செய்தியில் கன அடி என்று கேட்டால் நமக்கு ஒன்றும் புரியாது. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 400. அது விழுப்புரம் மாவட்டம் வழியாக இறங்கி நம் தலையில்தான் வந்து விழும். நம்மை வடிகால் மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை.

திங்கட்கிழமை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். மழையே இல்லாத நேரத்தில் யார் நம்புவார்கள்? மாமா நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் தெருவில் முழங்கால் தண்ணீர், அதுவும் செம்மண் நிறத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். பக்கத்து மாடி வீட்டில் ஏறி இரண்டு ராத்திரி இருந்தோம். அரிசி மூட்டை, மிக்சி, மோட்டார் ஸ்டார்ட்டர், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனது. கடலூரை ஒட்டிய நாணமேடு, உச்சிமேடு, அந்தப் பக்கம் பாகூர் எல்லா இடத்திலும் இதே கதைதான்.

ஆக, உங்கள் வீட்டு வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியில், தர்மபுரியில், திருவண்ணாமலையில் எவ்வளவு மழை, சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். டிஎன் அலர்ட் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் காலண்டர் அட்டையிலும் எழுதுங்கள். யார் வீட்டு மாடிக்குப் போவது என்பதை இப்போதே அவர்களிடம் பேசி வைத்துவிடுங்கள். தண்ணீர் வந்தபின் போய்க் கதவைத் தட்டினால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், ஆனால் முந்நூறு அடி தூரத்தை அந்த இழுப்பில் நடந்து கடக்க வேண்டுமே. பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட், நகை இதையெல்லாம் ஜிப் கவரில் போட்டு முதலிலேயே அங்கே கொடுத்துவையுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் மாற்றிப் பொருத்த எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைதான். நாங்கள் ஸ்டார்ட்டரைப் பறிகொடுத்தபின்தான் மாற்றினோம்.

மாடு இருந்தால் கட்டுத்தறியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்ட நேரம் இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அது நீந்தும், நம்மைவிட நன்றாக மேடு கண்டுபிடிக்கும்.

இன்னொன்று, சென்னையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுடையது கான்கிரீட் வீடு. காற்று வேகம் எடுத்ததும் சுற்றியிருக்கிற கூரை வீட்டுக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், யாரும் கேட்டுக்கொண்டு வர மாட்டார்கள். தானே அன்று எங்கள் அம்மா வீட்டு ஹாலில் 23 பேர் படுத்திருந்தோம். அதனால் அரிசியும் ரவையும் உங்கள் வீட்டு ஆட்கள் கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். கேஸ் சிலிண்டர் ஒன்று நிறைவாக இருக்கட்டும். கழிப்பறைக்கு என்று இரண்டு டிரம் தண்ணீர் தனியாக வையுங்கள், அந்த ராத்திரியில் பெண்கள் படுகிற அவஸ்தை அதுதான். நடுவில் காற்று சட்டென்று நின்றால், கூரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆண்கள் கிளம்புவார்கள். விடாதீர்கள். புயலின் கண், அதாவது காற்றில்லாத நடுப்பகுதி, கடக்கிற நேரமாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

தண்ணீர் வடிந்தபின் பாம்பு வரும். அலமாரி, ஷூ, விறகு அடுக்கு எதிலும் கையை விடுமுன் குச்சியால் தட்டுங்கள். கொஞ்ச நாளைக்குத் தரையில் படுக்காதீர்கள், வேறு வழியில்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் பலருக்கு வலியே தெரியாது, காலையில் கண் இமை சொருகும்போதுதான் தெரியும். கட்டுப் போட்டு, கீறி, மந்திரித்து நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் அதில் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் விஷயம். மோட்டார் ஓட்டுகிற அளவுக்கு வாங்கினால் காசு அதிகம், வருஷத்தில் பதினொரு மாதம் மூலையில் கிடக்கும். எங்கள் தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினோம், டீசல் செலவை முறை வைத்துப் போடுகிறோம். சண்டை வராமலா இருக்கும், வந்தது. ஆனாலும் ஓடுகிறது. வாங்கினால் வீட்டுக்குள்ளோ, ஜன்னலுக்குப் பக்கத்திலோ, மூடிய வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டு பிளக்கில் சொருகி மொத்த வீட்டுக்கும் கொடுப்பதும் கூடாது. கரண்ட் பின்பக்கமாக லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும்.

அந்தக் காசில் முதலில் செய்ய வேண்டியது வேறு ஒன்று. உங்கள் தெருவில் அடிபம்பு இருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். பல ஊர்களில் துருப்பிடித்து நிற்கும், பெரும்பாலும் வாஷர்தான் போயிருக்கும். புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மெக்கானிக் போனை எடுக்க மாட்டார்.