அடிபட்ட மஸ்டாங்: சரி செய்வதா, தள்ளிவிடுவதா?

வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்கு, மதுரையில் வாகன இழப்பு மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். 2018-ஆம் ஆண்டின் போர்டு மஸ்டாங் ஜிடி கார் ஒன்றைக் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். கல்லூரி நாளிலிருந்து இருந்த ஆசை அது. சென்ற மாதம் திருச்சியிலிருந்து திரும்பும்போது, கொட்டாம்பட்டியைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஒடித்ததில், வண்டி சென்டர் மீடியனில் ஏறி மோதிவிட்டது. ஏர் பேக் விரிந்ததால் எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. வலப்பக்க முன்சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கதவோரம் வரை வந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் 24 லட்ச ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பு 40 லட்சம். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் எடுக்கவில்லை. “டோட்டல் லாஸ் வாங்கிவிடலாம்” என்கிறார் நண்பர். கப்பலூர் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்காரர் பழைய உதிரிபாகங்களை வைத்து 9 லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர் இருக்கும் நிலையிலேயே 11 லட்சத்துக்குக் கேட்கிறார். பாண்டி கோவிலில் பூசை போட்டு எடுத்த வண்டியே இப்படி ஆகிவிட்டது, இனி அது வீட்டுக்கு ஆகாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கே.கே. நகர், மதுரை.

பதில்: நண்பரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். பாலிசியின் விதிகளுக்கு உட்பட்ட பழுதுச் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அதை முழு இழப்பாக, அதாவது டோட்டல் லாஸாகக் கொள்வார்கள். உங்கள் வண்டிக்கு அந்த எல்லை 30 லட்சம். எஸ்டிமேட்டே 24 லட்சம்தான். அதிலும் தேய்மானம் கழித்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு இன்னும் சிறியதாகிவிடும். எஸ்டிமேட்டை ஊதிப் பெருக்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது மோசடி என்பது ஒருபுறம் இருக்க, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுவார்.

தேய்மானக் கணக்கு பலருக்குத் தெரியாத இடம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஐந்து ஆண்டைக் கடந்து பத்து ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதத்தையும், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர் பேக் ஆகியவற்றில் வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதத்தையும் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்டிங் கட்டணத்தில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். உங்கள் 24 லட்சத்தில் உலோகம் 11 லட்சம், பிளாஸ்டிக்கும் ஏர் பேக்கும் 8 லட்சம், கண்ணாடி 1 லட்சம், கூலி 2.8 லட்சம், பெயிண்டிங் 1.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், உலோகத்தில் 4.4 லட்சம், பிளாஸ்டிக் வகையில் 4 லட்சம், பெயிண்டில் 15 ஆயிரம் என மொத்தம் 8.55 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய் தனி. மீதி ஏறத்தாழ 15.4 லட்சத்தை நிறுவனம் தரும். எஸ்டிமேட் தாளில் இந்தப் பிரிவுகள் உண்மையில் எவ்வளவு என்று பார்த்து நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 24 லட்சம் வெளியில் தெரிந்த சேதத்துக்கு மட்டும் எழுதியதாக இருந்தால், பிரித்த பிறகு ஏறும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கான விடை ரூபாய்க் கணக்கில் இல்லை. சக்கரம் கதவோரம் வரை பின்னுக்குப் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். சக்கரத்தைத் தாங்கும் கைகள் மட்டும் வளைந்து உடைந்திருந்தால், அது போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டுகிற வேலை. அந்த வேகம் கைகளைக் கடந்து, பானட்டுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உத்தரங்களுக்கும், ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்காரும் கோபுரத்துக்கும், காலடித் தகட்டுக்கும் போயிருந்தால் வண்டியின் எலும்பே முறிந்த மாதிரி. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வண்டியை அளவுச் சட்டத்தில் ஏற்றிப் புள்ளிக்குப் புள்ளி அளந்து, தயாரிப்பாளர் தரும் அளவுகளோடு ஒப்பிட்ட தாளை எழுத்தில் கேளுங்கள். அந்தச் சட்டம் இல்லாத பட்டறை எதுவானாலும், அங்கே உங்கள் வண்டிக்கு வேலை இல்லை. அளக்கும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வேறு இடத்துக்கு மாற்றுவதானால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியில்தான் கொண்டு போக வேண்டும். மூடியிருக்கும் பட்டறைகளில் ஒயரை எலி கடித்து, விபத்தைவிடப் பெரிய செலவு வைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், நிறுத்தியிருக்கும் இடத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

இனி 9 லட்சப் பட்டறை. அந்த ஊழியர்களின் கைத்திறனைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நசுங்கிய அம்பாசடரைச் சுத்தியலாலேயே மறுபடி வார்த்தெடுத்த தலைமுறையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் உங்கள் வண்டியின் பானட்டும் முன்பக்க பெண்டர்களும் அலுமினியம். இரும்புத் தகட்டைப் போலச் சூடேற்றித் தட்டினால் அது கீறல் விடும். இரும்பு வேலை செய்த அதே கருவியின் துகள் ஒட்டிக்கொண்டால் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். இன்றைய கார்களின் கூரையைத் தாங்கும் தூண்களில் இருக்கும் மிகு வலு எஃகைச் சூடு காட்டி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும், வலு போய்விடும். அடுத்த மோதலில் அந்தத் தூண் உங்களைக் காப்பாற்றாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது ஏர் பேக். ஒருமுறை விரிந்த ஏர் பேக்கையும், அதோடு சேர்ந்து இழுத்துப் பிடித்த சீட் பெல்ட்டையும், விபத்தைப் பதிவு செய்துகொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றியே ஆக வேண்டும். 9 லட்சத்துக்குள் இவை எல்லாம் புதிதாக வராது. பழைய ஏர் பேக்கை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டுவார்கள், அல்லது மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே ஏர் பேக் இருப்பதுபோல் காட்ட ஒரு ரெசிஸ்டரை இணைத்து, எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த ரெசிஸ்டரின் விலை சில ரூபாய். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: பாண்டி கோவில் பூசை வீண்போகவில்லை, அன்றைக்கு அந்தப் பை சரியாக விரிந்தது. அடுத்த முறையும் அது விரிய வேண்டுமானால் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க முடியாது.

உதிரிபாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்ததால்தான் இந்த வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். மறைமலைநகர் ஆலையில் மஸ்டாங் ஒருநாளும் தயாரானதில்லை. அது முழு வண்டியாகவே அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. பாகங்களும் அப்படியே கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராகுங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் வரும் நாளை எழுத்தில் வாங்குங்கள்.

எர்ணாகுளத்துக்காரரின் 11 லட்சத்தை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் கிளெய்மைக் கைவிட்டு அதை மட்டும் வாங்கிக்கொள்வது நட்டம். சர்வேயரிடமும் நிறுவனத்திடமும் இன்னொரு வழியைக் கேட்டுப் பாருங்கள்: பழுது பார்க்காமலே, ஏற்றுக்கொண்ட இழப்புக்கு ஒரு தொகையை ரொக்கமாகத் தந்து வண்டியை உங்களிடமே விட்டுவிடுவது. பில் இல்லாததால் வரியையும் கூலியில் ஒரு பகுதியையும் கழிப்பார்கள். அவர்கள் சம்மதித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 12 லட்சம் கிடைத்தால்கூட, வண்டியை விற்கும் 11 லட்சத்தோடு சேர்த்து 23 லட்சம் ஆகிறது. பழுது பார்த்தால், விபத்துக்கு முன் 42 லட்சம் போகக்கூடிய வண்டி, விபத்து வரலாற்றோடு கால் பங்காவது குறைந்து 31 லட்சத்துக்குப் போகும் என்று கொள்வோம். உங்கள் பங்கான 8.55 லட்சத்தைக் கழித்தால் 22.5 லட்சம். பணமாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆகவே என் முடிவு அளவுத் தாளைப் பொறுத்தது. உத்தரமும் கோபுரமும் அளவில் நிற்கின்றன என்றால், சரி செய்து நீங்களே ஓட்டுங்கள். ஆசைப்பட்டு வாங்கியவர் நீங்கள், விற்பதற்காக அல்ல. அவற்றில் ஒன்றை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும் என்று தாள் சொன்னால், ரொக்கத் தீர்வைக் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியை விடுங்கள். நானூறு குதிரைசக்தியை ஒட்டிய எஞ்சினை அப்படிப்பட்ட உடம்பில் வைத்து நான் ஓட்டமாட்டேன், என் பிள்ளையையும் ஓட்டவிடமாட்டேன்.

விற்பதானால் உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். விற்றதை 45 நாட்களுக்குள் நீங்கள் தெரிவிக்கவும் வேண்டும். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பிற்பாடு நடக்கும் விபத்துக்கும் அவரே இழப்பீட்டுப் பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியிருக்கிறது. அடிபட்ட வண்டியின் ஆவணத்தையும் சேசிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்குப் போட்டு ஓட்டுகிற கூட்டமும் உண்டு. கிளெய்ம் தொகையில் நியாயம் கிடைக்கவில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் போகலாம்.

கேள்வி: விபத்தில் அடிபட்டுச் சரி செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக வருகிறது. “பம்பரில் சின்ன உரசல்தான்” என்கிறார் விற்பவர். எப்படிச் சோதிப்பது?
— கல்லூரி விரிவுரையாளர், திருமங்கலம்.

பதில்: பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பல நூறு காட்டினால் அங்கே அடியில் பட்டி இருக்கிறது. சிலர் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அலுமினிய உடம்பில் காந்தம் எங்குமே ஒட்டாது, அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். பெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா, எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் இருக்கும் தயாரிப்புக் குறி ஒத்துப்போகிறதா, சீட் பெல்ட்டின் அடியில் உள்ள சீட்டின் தேதி வண்டியின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியவுடன் ஏர் பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த வண்டியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்து, வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

கடைசி இரண்டு ஆண்டின் பாலிசிகளையும் காட்டச் சொல்லுங்கள். கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் ‘கிளெய்ம் இல்லாச் சலுகை’ 50 சதவீதத்திலிருந்து திடீரெனப் பூஜ்யமாகியிருந்தால், அந்த ஆண்டில் நடந்தது பம்பர் உரசலாக இருக்க வாய்ப்பில்லை. சின்ன உரசலுக்கு அந்தச் சலுகையை இழக்க யாருக்கும் மனம் வராது.

கேள்வி: மகனின் கார் விபத்தாகி ஒன்றரை ஆண்டாக வீட்டு வாசலில், தெருவில் நிற்கிறது. ஓட்டுவதே இல்லை. இன்சூரன்ஸ் கட்ட வேண்டுமா?
— வாசகி, செல்லூர்.

பதில்: தெருவும் பொது இடமே, அம்மா. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் அங்கே நிறுத்துவது சட்டச் சிக்கல். காம்பவுண்டுக்குள் தள்ளி நிறுத்துங்கள், அல்லது அந்தக் காப்பீட்டை மட்டுமாவது எடுங்கள். இனி எப்போதும் ஓடாது என்று முடிவு செய்தால், மகனின் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இதற்கு 14 நாள் கெடு வைக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போடாமல், அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள். வண்டியைக் கொடுத்த பிறகு, மகனுக்குச் சேர்ந்திருக்கும் கிளெய்ம் இல்லாச் சலுகைக்கு நிறுவனத்திடம் கடிதம் கேட்டு வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் அவர் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. ஆனால் பழைய பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அது போய்விட்டிருக்கும். பாலிசித் தாளில் தேதியைப் பாருங்கள்.