ஈகோ வேனில் ஒரு படுக்கை: கேட்டவர்களுக்குப் பதில்

கோயம்புத்தூரில் வண்டி வயரிங் வேலை செய்கிறேன். வாரம் முழுக்க என் மாருதி ஈகோ கடைச் சாமான் சுமக்கும். சனிக்கிழமை மதியம் சாமானை இறக்கிவிட்டுப் படுக்கையை ஏற்றினால், நானும் வீட்டம்மாவும் வால்பாறையோ தனுஷ்கோடியோ கிளம்பிவிடுவோம். நாலு வருடமாக இப்படித்தான். அதைப் பார்த்துப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, என்னிடம் 7 சீட் ஈகோ இருக்கிறது. நடு சீட், பின் சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கட்டில் அடிக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்டிஓ பிரச்சினை வருமா?

வரும் தம்பி. ஆர்சி புத்தகத்தில் எத்தனை சீட் என்று இருக்கிறதோ அத்தனை சீட் வண்டியில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீஸ் பிடிப்பதைவிட எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ்தான், விபத்து நடந்த பிறகு "வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நாம் அலைய வேண்டியதுதான்.

அதனால் நான் வண்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. சீட்டை மடித்து அதன்மேல் நிற்கிற மாதிரி மூன்று துண்டுப் பலகை, கழற்றக்கூடிய கால்கள், அவ்வளவுதான். மாடலுக்கு மாடல் சீட் மடங்கும் விதம் வேறு என்பதால் என் அளவை அப்படியே எடுக்காதீர்கள். முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, பின்கதவை மூடிய நிலையில் உள்ளே படுத்துப் பார்த்து அளவெடுங்கள். கதவைத் திறந்து வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், கதவின் உள்பக்கம் கொஞ்சம் இடத்தைத் தின்னும்.

சரக்கு ஏற்றுகிற 2 சீட் ஈகோ வாங்கினால் இடம் தாராளமாக இருக்குமே?

இடம் இருக்கும். ஆனால் அது சரக்கு வண்டியாகப் பதிவாகிறது, பின்னால் ஆள் உட்கார்ந்து போகக்கூடாது. இரண்டு பேர் மட்டும் என்றால் யோசிக்கலாம், குழந்தை இருந்தால் வேண்டாம்.

எந்தப் பலகை நல்லது? கார்பெண்டர் 18 எம்எம் போடச் சொல்கிறார்.

அவர் வீட்டுக் கட்டிலை நினைத்துச் சொல்கிறார். 12 எம்எம் தண்ணீர் தாங்கும் பிளைவுட் 8க்கு 4 அடி ஷீட்டே ஏறக்குறைய 25 கிலோ வரும். 18 போட்டால் அது 37 கிலோவைத் தாண்டும், வலுவுக்கு அது தேவையே இல்லை, அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் கொடுத்தால் 12 போதும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, ஒரு எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். வண்டி தாங்கும் மொத்த எடை ஆர்சியிலேயே இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, எந்தச் சாமானாக இருந்தாலும் நகராமல் இறுக்கிக் கட்டுங்கள். முதல் வருடம் வால்பாறை இறக்கத்தில் (ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு) ஒரு வளைவில் மாடு நின்றது, பிரேக் அடித்தேன், அடுப்புப் பெட்டி பறந்து வந்து என் சீட்டின் முதுகில் மோதியது. அன்றைக்கு வேகம் 30கூட இருக்காது. 50இல் மோதினால் அதே 20 கிலோப் பெட்டி பல நூறு கிலோ மாதிரி முன்னால் பாயும். இப்போது லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட் இரண்டு, ஒவ்வொரு பயணத்திலும்.

சார், பேட்டரி எவ்வளவு போட வேண்டும்? இன்வெர்ட்டர் பேட்டரி வீட்டில் சும்மா கிடக்கிறது.

முதலில் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் ஃபேன் 20 வாட், இரவு 8 மணி நேரம் ஓடினால் 160 வாட் அவர். விளக்கு, இரண்டு போன் எல்லாம் சேர்ந்து 50. ஆக ஒரு ராத்திரிக்கு 210தான். இதற்கு 50 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று (12.8 வோல்ட், ஆக 640 வாட் அவர்) இரண்டு ராத்திரிக்கும் மேல் வரும். சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தால் கதை மாறும், அது மட்டுமே நாளைக்கு 500, 600 இழுக்கும், அப்போது 100 ஆம்பியர் அவர் வேண்டும். நான் ஃப்ரிட்ஜ் வைக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஐஸ் பெட்டி போதும், வழியில் எந்த ஊரிலும் பால் கிடைக்கிறது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வேனுக்குள் ஏற்றாதீர்கள். ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், நீங்கள் அதன் மேலேயே படுத்திருப்பீர்கள். எடையும் அதிகம், அதிலும் பாதி சார்ஜைத்தான் எடுக்கலாம்.

வண்டி ஓடும்போது இந்த இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஆக டிசி டு டிசி சார்ஜர் (வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து இதற்கு அளவாகக் கொடுக்கும் கருவி) ஒன்று போடுங்கள், வண்டி பேட்டரியிலிருந்து நேராக வயரை இழுத்துவிடாதீர்கள். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் நாலு மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 8 மீட்டரில் 0.3 வோல்ட்டுக்குள்தான் இறங்கும். இரண்டரை எம்எம் வீட்டு வயரில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் போய்விடும், வயரும் சூடாகும். ஃபியூஸ் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பேட்டரிப் பக்கமும். சார்ஜர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்து, நடுவில் தகடு உரசி வயர் எரிந்த வண்டி என் பட்டறைக்கே வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து காசு பார்க்காதீர்கள்.

ஏசி ஓடவிட்டு உள்ளேயே தூங்கலாமா? சேலம் வெயில் தாங்க முடியவில்லை அண்ணா.

எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பேட்டரியில் ஏசி என்றால், ஒரு டன் ஏசி மணிக்கு 1000 வாட் அவர் பக்கம் தின்னும், நான் மேலே சொன்ன 100 ஆம்பியர் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

சேலத்தில் இருந்துகொண்டு ஏசி எதற்கு, ஏற்காடு ஏறுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும், ஏற்காடு 1500 மீட்டர். சமவெளியில் படுக்க வேண்டி வந்தால் காற்றுதான் மருந்து: எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காந்தப் பட்டை வைத்த கொசுவலை, ஒரு ஃபேன். கூரைக்கு ஏசி டக்ட் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் கறுப்பு ரப்பர் ஃபோம் ஷீட் ஒட்டினால் பகலில் நன்றாகத் தெரியும், ராத்திரிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஈகோவில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஓட்டி வந்து நிறுத்தியபின் அந்தச் சூடு உள்ளேதான் ஏறும். தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுங்கள். ஐஸ் பெட்டியையும் முன் சீட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி வம்பில் மாட்ட வேண்டாம். வெள்ளி நிறப் பபிள் ஷீட்டை ஜன்னல் அளவுக்கு வெட்டி, நிறுத்திய பிறகு செருகினால் மறைப்பும் ஆச்சு, வெயிலும் வராது.

சமையல் உள்ளேயா வெளியேயா?

வெளியேதான், மழை பெய்தாலும். பின்கதவை மேலே தூக்கினால் அதுவே கூரை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், உங்கள் படுக்கைக்கு அடியில். சின்ன பியூட்டேன் டப்பா அடுப்பு வைத்திருப்பவர்கள் ஜனவரியில் ஊட்டிக்குக் கொண்டு போனால் விடியற்காலையில் எரியவில்லை என்பார்கள். அடுப்பில் குறை இல்லை, பூஜ்ஜியம் டிகிரிப் பக்கம் பியூட்டேன் ஆவியாகாது. டப்பாவை ராத்திரி போர்வைக்குள் வைத்திருந்தால் காபி கிடைக்கும். குளிருக்குக் கரி மூட்டி உள்ளே வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

குளிரிலும் ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் மூச்சே கண்ணாடியில் வழிந்து மெத்தை நனைந்துவிடும்.

பொம்பளைங்க மட்டும் போகிறோம் அண்ணா, நாலு பேர், இரண்டு வண்டி. ராத்திரி எங்கே நிறுத்துவது? பாத்ரூம்?

நெடுஞ்சாலையில் 24 மணி நேரமும் ஓடுகிற பெரிய பெட்ரோல் பங்க், மேனேஜரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் போட்டவர்களை விரட்ட மாட்டார்கள், கழிவறையும் இருக்கும். வண்டியின் மூக்கு சாலையைப் பார்த்து, ஓட்டுநர் சீட்டில் சாமான் ஏதும் இல்லாமல், சாவி கைக்கு எட்டுகிற இடத்தில். பிடிக்கவில்லை என்று தோன்றினால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுங்கள். வீட்டம்மா மடக்கும் கமோட் ஒன்றும் பைகளும் வைத்திருக்கிறார், இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் பெண்களுக்குப் பயணத்தையே மாற்றிய பொருள் அதுதான் என்கிறார்.

காட்டு வழியில் தங்கும் யோசனை வேண்டாம். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், நேரம் தவறினால் செக்போஸ்டிலேயே விடிய வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

பலகை, கீல், ஃபோம் மெத்தை, வலை, பெல்ட் எல்லாம் எனக்குப் பதினாலாயிரம் ஆனது. மின்சார வேலை தனி, அதில்தான் காசு போகும். ஆனால் ஒன்று செய்யுங்கள், எதையும் வாங்கும் முன் வீட்டு மெத்தையை அப்படியே உள்ளே போட்டு ஒரு ராத்திரி உங்கள் தெருவிலேயே படுத்துப் பாருங்கள். கால் இடிக்கிறதா, புழுக்கமா, முதுகு ஒத்துக்கொள்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டு பேர் அப்படிப் படுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார்கள், அவர்களுக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை.

அம்மாவுக்கு 68 வயது. அறுபடை வீடும் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. வேனில் தங்க வைக்கலாமா?

ராத்திரிக்கு வேண்டாம் தம்பி. பழனியிலும் திருச்செந்தூரிலும் தேவஸ்தான விடுதி இருக்கிறது, அங்கே படுக்கட்டும். படுக்கை போட்டால் உள்ளே உட்கார உயரம் குறையும், வயதானவர்கள் ராத்திரியில் எழுந்து குனிந்து இறங்குவது கஷ்டம். ஆனால் பகலுக்கு இந்த வண்டி போல் வராது. நடை சாத்திய பிறகு மதியம் எங்கேயாவது புளிய மரத்தடியில் நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ஃபேன் போட்டு இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க வையுங்கள். ஏற இறங்க ஒரு முக்காலி, பிடித்துக்கொள்ள உங்கள் கை. என் அம்மாவைத் திருத்தணிக்கு அப்படித்தான் கூட்டிப் போனேன்.