கிரீஸ் போட்டார்களா, பில் மட்டும் போட்டார்களா?

கோடைக்கு முன் வந்த கடிதங்களில் பாதி டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டி பற்றியவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நம்மவர்கள் இத்தனை பேர் டிரெய்லர் வைத்திருக்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். சக்கர பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல உதவும் உருளை வளையம்), எலெக்ட்ரிக் பிரேக் (மின்காந்தத்தால் பிடிக்கும் பிரேக்) பற்றியவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

டிரெய்லர் வாங்கி மூன்று வருடம், 9,000 மைல் ஓடியிருக்கிறது. பேரிங்கில் சத்தமே இல்லை. இப்போதே கிரீஸ் மாற்ற வேண்டுமா? (டாலஸ்)

இப்போது இல்லை, இரண்டு வருடம் முன்பே மாற்றியிருக்க வேண்டும். 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. சத்தம் வந்த பிறகு எனக்குக் கடிதம் எழுத நேரம் இருக்காது.

டீலரிடம் விட்டதில் "நான்கு சக்கரமும் கழற்றி பேரிங் கிரீஸ் மாற்றியது" என்று 480 டாலர் பில். பத்தாவது நாள் நெடுஞ்சாலையில் ஒரு ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) புகைந்தது. உதவிக்கு வந்த மெக்கானிக் திறந்து பார்த்து, "இதை யாரும் தொட்டதே இல்லை" என்றார். டீலர் மறுக்கிறார், அண்ணா. பிள்ளைகளும் வண்டியில் இருந்தார்கள். (ஸ்கார்பரோ)

முதலில், எல்லாரும் பத்திரமாக வீடு வந்ததற்கு நிம்மதி. உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. எரிந்த பேரிங், சீல் (கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் வளையம்), மூடி எதையும் வீசிவிடாதீர்கள். அந்த மெக்கானிக் பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். மற்ற மூன்று ஹப்களையும் வேறு கடையில் திறக்கச் சொல்லி, திறக்கும்போதே படம் எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தொகையை எதிர்த்து வங்கிக்கு எழுதுங்கள். டீலருக்கு ஒரு கடிதம், கெடு வைத்து. அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். வக்கீல் இல்லாமலே போகலாம்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, கொட்டிவிடுகிறேன். பேரிங் வேலை மாதிரி ஏமாற்றச் சுலபமான வேலை வேறு இல்லை. எல்லாம் ஹப்புக்குள்ளே இருக்கிறது. வெளியே பார்த்தால் செய்ததும் செய்யாததும் ஒன்றுபோலத்தான். ஆனால் ஒரு துப்பு உண்டு. உள் பேரிங்கை எடுக்க வேண்டுமானால் பின்னால் இருக்கும் சீலைப் பெயர்த்தாக வேண்டும், பெயர்த்ததைத் திரும்பப் போடக் கூடாது. நான்கு சக்கரம் என்றால் பில்லில் நான்கு புதுச் சீல் இருக்க வேண்டும். கூலி மட்டும் இருந்து சீல் இல்லாவிட்டால், அங்கேயே கேளுங்கள். இன்னொன்று, வண்டியை விடுவதற்கு முன் தூசி மூடியும் ஹப்பும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். மூடியைக் கழற்றி மாட்டினால் கோடு அப்படியே சேர்வது அபூர்வம். இது எனக்கு எப்படித் தெரியும்? நானும் ஒருமுறை முழுப் பணம் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். மூடியைச் சுற்றி முந்தின பயணத்தின் செம்மண் காய்ந்து, விரிசல்கூட விடாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

ஹப் நடுவில் ரப்பர் மூடியை எடுத்தால் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. அதில் அடித்தால் போதாதா? எதற்குக் கழற்ற வேண்டும்? (அட்லாண்டா)

அதில் அடிக்கும் கிரீஸ் அச்சுக்குள்ளே போய், பின் சீலருகே வெளிவந்து, உள் பேரிங், வெளி பேரிங் வழியாக முன்னால் வரும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே, கை கன்னால் மெல்ல அடித்தால் சரி. நான் என்ன செய்தேன்? பேட்டரியில் ஓடும் கிரீஸ் கன் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, சக்கரத்தைச் சுற்றாமலே அழுத்தினேன். சீல் வழிவிட்டது. கிரீஸ் முழுக்க பிரேக் டிரம்முக்குள். இரண்டு கேன் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன், பலனில்லை. லைனிங் (பிரேக் ஷூவில் டிரம்மோடு உரசும் பட்டை) கிரீஸைக் குடித்துவிட்டால் போனது போனதுதான். ஷூ, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் பின்தட்டோடு முழு செட்டாகக் கிடைக்கும், அதையே மாற்றுங்கள். இடதும் வலதும் வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். மேலும் நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறதா, பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று தெரியாது. அதற்குக் கழற்றத்தான் வேண்டும்.

ஆன்லைனில் பேரிங் செட் வாங்கினேன். 24 அடி டிரெய்லருக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது, பொருந்தவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (எடிசன், நியூ ஜெர்சி)

டிரெய்லரின் நீளத்தைப் பார்த்தா பேரிங் வாங்குவார்கள்? எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். 3,500 பவுண்டு ஆக்சிலில் பெரும்பாலும் உள்ளே எல்68149, வெளியே எல்44649. கழற்றிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. புது கன்ட்ரோலர் (காரிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கருவி) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (சான் ஹோசே)

பர்ஸை உள்ளே வையுங்கள். உங்களுடையது தானாகச் சரிசெய்துகொள்ளும் ரகம் இல்லையென்றால், பின்தட்டின் ஓட்டை வழியாக நட்சத்திரப் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் சுற்றவே கஷ்டப்படும்வரை ஷூவை இறுக்குங்கள். பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும். அப்புறம் மல்டிமீட்டர். 10, 12 அங்குல பிரேக்கில் ஒரு காந்தம் சுமார் 3.2 ஓம் காட்ட வேண்டும். இணைப்பே இல்லை (OL) என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. ஆக்சில் குழாய்க்குள் ஓடும் கம்பி உரசி உரசித் தோல் உரிவது சகஜம், அதையும் பாருங்கள். கன்ட்ரோலர் கடைசியில்.

நானே கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுகிறார். (சிகாகோ)

போகாது. எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது என்கிறது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னுசன்-மாஸ் சட்டம். நீங்கள் செய்த வேலையால்தான் கெட்டது என்றால் அது வேறு கதை. கிரீஸ், சீல் வாங்கிய ரசீதையும் தேதியோடு படங்களையும் வைத்திருங்கள்.

ஆக்சில் குழாய் நடுவில் ஜாக் வைத்துத் தூக்கலாமா? (ஹூஸ்டன்)

கூடாது, வளையும். ஃபிரேமில் வையுங்கள். ஸ்டாண்ட் கொடுக்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள்.

எல்லாம் முடித்தாயிற்று. அச்சு நட்டை எவ்வளவு இறுக்குவது? மைத்துனர் "முழு பலத்தோடு இறுக்கு" என்கிறார். (ராலே)

ஹப்பைச் சுற்றிக்கொண்டே சுமார் 50 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். பிறகு ஹப்பை அசைக்காமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப முறுக்குங்கள். காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) துளை நேர்படாவிட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். மைத்துனரை டீ போடச் சொல்லுங்கள்.