பேட்டர்ன் உங்களுடையது, பின்னிய நெக் வார்மர் யாருடையது?

கேள்வி: மஃப்ளர், ஸ்கார்ஃப், நெக் வார்மர் ஆகியவற்றுக்கு நானே பின்னல் பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு) உருவாக்கி, பிடிஎஃப் கோப்பாக இலவசமாகப் பகிர்ந்து வருகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் "சொந்த உபயோகத்துக்கு மட்டும், பின்னிய பொருளை விற்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். இப்போது மூன்று சிக்கல்கள். ஒருவர் என் நெக் வார்மர் பேட்டர்னை வேறு மொழியில் பெயர்த்து, என் சார்ட்டையும் (பின்னலைக் கட்டங்களில் காட்டும் வரைபடம்) படங்களையும் அப்படியே வைத்து, தன் பெயரில் விற்கிறார். நான் முதலில் வெளியிட்டபோது 23ஆம் வரிசையில் கண்ணிக் (ஊசியில் ஏறும் நூல் வளையம்) கணக்கில் ஒரு பிழை இருந்தது, பிறகு திருத்திவிட்டேன். அவர் விற்கும் கோப்பில் அந்தப் பழைய பிழை அப்படியே இருக்கிறது. இன்னொருவர் அதே பேட்டர்னைப் பார்த்து நெக் வார்மர் பின்னி விற்கிறார். மூன்றாவதாக, வேறொரு வடிவமைப்பாளர், என் கேபிள் (கயிறு முறுக்கியது போன்ற பின்னல்) ஸ்கார்ஃப் தன்னுடையதன் காப்பி என்றும், ஏழு நாளில் நீக்கிவிட்டு நஷ்டஈடு தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அவருடைய ஸ்கார்ஃபை நான் பார்த்ததே இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் ஆளை விடாதீர்கள். இரண்டாவது ஆளை விட்டுவிடுங்கள். மூன்றாமவருக்குப் பதில் எழுதுங்கள், ஆனால் பயந்துகொண்டு எழுதாதீர்கள். இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றையும் நீங்கள் "என் டிசைன் திருட்டு" என்ற ஒரே கண்ணால் பார்க்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

பேட்டர்ன் எழுதும்போது உங்களிடமிருந்து இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று காகிதத்தில் இருப்பது: நீங்கள் எழுதிய வாக்கியங்கள், கட்டம் போட்டு வரைந்த சார்ட், எடுத்த புகைப்படங்கள். மற்றது ஊசியில் இருப்பது: எத்தனை கண்ணி ஏற்றுவது, எங்கே குறைப்பது, எந்தக் கண்ணியை எதன் மேல் கடத்துவது என்ற முறை. பதிப்புரிமை முதலாவதற்குத்தான். அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆம் பிரிவில் இதை நேராகவே சொல்கிறது: பாதுகாப்பு வெளிப்பாட்டுக்கு உண்டு, எண்ணம், செய்முறை, இயக்கும் முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குக் கிடையாது. ஒரு பேட்டர்னில் செய்முறையும் கணக்கும் எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த 'ஓல்டு ஷேல்' அலைப் பின்னலையே எடுத்துக்கொள்வோம். 18 கண்ணி, 4 வரிசை. மூன்றாவது வரிசையில்தான் வேலை: இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்து மூன்று முறை பின்னு, நூலைச் சுற்றி ஒரு கண்ணி பின்னு, இதையே ஆறு முறை, மறுபடியும் இரண்டிரண்டாக மூன்று முறை. மற்ற மூன்று வரிசைகளும் வெறும் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள்தான். இந்த அலையை வைத்து இன்று காலை நீங்கள் ஒரு ஸ்கார்ஃப் வடிவமைத்தால், அந்த நான்கு வரிசைக்கு உரிமை கொண்டாட முடியாது. எனக்கும் முடியாது, நாளை அதையே பின்னப்போகிறவருக்கும் முடியாது. ஆனால் அந்த அலையை எந்த நீளத்தில் நிறுத்துவது, ஓரத்தை எப்படி முடிப்பது, புதிதாகப் பின்னுகிறவர் எங்கே தடுமாறுவார், அங்கே எப்படிக் கையைப் பிடித்து நடத்துவது என்று நான்கு பக்கம் எழுதினீர்களே, அந்த நான்கு பக்கம் உங்களுடையது. எழுதி முடித்த கணத்திலேயே உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் உரிமை பிறப்பதற்குப் பதிவு தேவையில்லை, வட்டத்துக்குள் 'சி' போடவும் தேவையில்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டு அது நிற்கும். இந்தியாவில் 60, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 70.

இனி அந்த முதல் ஆள். "மொழிபெயர்த்துவிட்டேன், ஆகவே இது என் எழுத்து" என்பார். செல்லாது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதே என்று பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு சொல்கிறது. "இலவசமாகத்தானே கொடுத்தீர்கள்" என்றும் கேட்பார். இலவசமாகப் படிக்கக் கொடுப்பது வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு. சார்ட்டுக்கும் படங்களுக்கும் தனித்தனியே உரிமை உண்டு. அவற்றை அப்படியே வைத்திருப்பதால், மொழிபெயர்ப்பைப் பற்றி வாதாடாமலேயே நீங்கள் ஜெயிக்கலாம். உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டது ஆசிரியரின் தார்மிக உரிமையை, அதாவது படைத்தவர் இவர் என்று அறியப்படும் உரிமையை, மீறுவதும் ஆகும்.

ஆனால் உங்கள் கையில் இருப்பதிலேயே உசத்தியான சாட்சி அந்த 23ஆம் வரிசைதான். இரண்டு பேர் தனித்தனியே யோசித்துச் சரியான கணக்குக்கு வந்து சேரலாம். ஒரே இடத்தில் ஒரே தப்பான கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள் என்று எந்த நீதிபதியிடமும் சொல்லி நம்பவைக்க முடியாது. காப்பியடித்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே திருத்தும் முன் இருந்த பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். அது உருவான தேதி, நீங்கள் பதிவேற்றிய தேதி, "23ஆம் வரிசை சரியாக வரவில்லையே" என்று யாராவது உங்களுக்கு எழுதியிருந்தால் அந்தச் செய்தி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அவருக்கு முதலில் கோபமாக ஒரு செய்தி அனுப்பத்தான் கை போகும். அனுப்பினால் அடுத்த நிமிடமே பக்கத்தை நீக்கிவிட்டு, வேறு பெயரில் கடை போடுவார். அதனால் சாட்சிதான் முதலில்: விற்பனைப் பக்கத்தை முழு முகவரியும் தேதியும் தெரியும்படி படம் பிடியுங்கள். ஒரு பிரதியை நீங்களே காசு கொடுத்து வாங்கி, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பக்கம், எந்தப் படம், எந்தச் சார்ட் என்று குறித்து, விற்பனைத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட தளங்கள் 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி புகார் வாங்கும். அதில் உங்கள் படைப்பு எது, மீறல் எந்த முகவரியில், தொடர்பு விவரம், கையொப்பம், நல்லெண்ணத்தில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். எதிராளி மறுப்பு அனுப்பினால், நீங்கள் நீதிமன்றம் போகாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளுக்குள் தளம் அதை மீண்டும் போட்டுவிடலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன: புகார் சரியென்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திறந்துவிடலாம். எந்த நாடானாலும் தளத்தின் முடக்கம் நிரந்தரம் என்று நம்பிவிட முடியாது. அவர் எதிர்த்து நின்றால் வழக்கறிஞர் நோட்டீஸ் அவசியம்.

இரண்டாவது ஆள் விஷயத்தில் என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் 1982இல் பிரிஜிட் ஃபோலி நிறுவனத்தின் வழக்கு ஏறக்குறைய இதே கேள்வியைச் சந்தித்தது. பின்னல் வழிகாட்டியைப் பார்த்து ஆடை பின்னினால், அந்த வழிகாட்டியின் எழுத்தைப் பிரதியெடுத்ததாகுமா? ஆகாது என்றது நீதிமன்றம். வழிகாட்டியில் இருக்கும் சொல்லும் எண்ணும் ஆடையில் எங்கே இருக்கின்றன என்பதுதான் தீர்ப்பின் சாரம். சமையல் குறிப்பைப் படித்துச் சமைத்த சாப்பாடு, குறிப்பின் நகல் ஆகாதது போலத்தான்.

அப்படியானால் பேட்டர்னின் அடியில் நீங்கள் எழுதிய "விற்கக் கூடாது" என்ற வரி? பதிப்புரிமை கொடுக்காத அதிகாரத்தை ஒரு வரி எழுதி உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது ஒப்பந்தமாக வேண்டுமானால் நிற்கலாம். அதற்கு, தரவிறக்கும் முன்னரே அவர் அந்த நிபந்தனையைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, பெட்டியில் டிக் போட்டிருக்க வேண்டும். கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போன பிறகு கண்ணில் படும் வரி ஒப்பந்தமாகாது என்று எதிர்த்தரப்பு சுலபமாக வாதாடும். அப்படியே ஒப்பந்தம் இருந்தாலும் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். அவர் தோழியிடம் கோப்பைக் கொடுத்து, தோழி பின்னி விற்றால் நீங்கள் கேட்க முடியாது.

விலக்குகள் இல்லாமல் இல்லை. நெக் வார்மரின் மேல் நீங்களே வரைந்த ஒரு பறவையோ, முகமோ வண்ண நூலில் வருகிறது என்றால், அந்தப் படம் ஓவியம் என்ற கணக்கில் பாதுகாக்கப்படலாம். ஆடையிலிருந்து மனதளவில் பிரித்தெடுக்க முடிந்த வரைவுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் ஸ்டார் அத்லெடிகா வழக்கில் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பதிவு செய்யாத புதிய வடிவமைப்புக்கும் அங்கே முதலில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு, காப்பியடிப்பதற்கு எதிராகப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் நிலை தலைகீழ். வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால், அதில் இருந்த பதிப்புரிமையும் போய்விடும். அதோடு, ஒரு வடிவமைப்பை வெளியிட்டுவிட்ட பிறகு புதியது என்று சொல்லி அங்கே பதிவது பெரும்பாலும் நடக்காது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 12 மாத அவகாசம் உண்டு. நிஜமாகவே பெரிய உற்பத்திக்குப் போகும் எண்ணம் இருந்தால், பகிர்வதற்கு முன்பே பதிவைப் பற்றி யோசியுங்கள்.

உங்களுடையது மேலே ஓவியம் எதுவும் இல்லாத, ரிப்பும் (நெடுக்கு வரிகளாக வரும் பின்னல்) கேபிளும் கலந்த வளையம் என்றால் இவை எதற்குள்ளும் எளிதில் வராது. எனவே அவர் மேல் டிஎம்சிஏ புகார் போடாதீர்கள். மீறல் இல்லை என்று தெரிந்தே புகார் கொடுத்தால் அதே சட்டத்தின் 512ஆம் பிரிவில் நீங்கள் நஷ்டஈடு தர வேண்டி வரும். விற்பனைப் பக்கத்தில் உங்கள் புகைப்படத்தைப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அதற்குப் புகார் கொடுக்கலாம். இல்லையென்றால், "பேட்டர்ன் யாருடையது என்று குறிப்பிட்டால் மகிழ்வேன்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதிப் பாருங்கள். பலர் போடுவார்கள். உங்கள் பேட்டர்னுக்கும் அது விளம்பரம்.

மூன்றாமவரின் மின்னஞ்சலில் மிரட்டல் இருக்கிறது, விவரம் இல்லை. எந்தப் பக்கம், எந்தப் படம், எந்த வரி காப்பி என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உங்களிடமிருந்து எடுத்தவரை நான் எந்த அளவுகோலால் அளந்தேனோ, அதே அளவுகோலால்தான் உங்களையும் அளக்க வேண்டும். கேபிள் முறுக்கை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. இரண்டு ஸ்கார்ஃபும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் மீறல் ஆகாது, எடுத்திருக்க வேண்டும். பார்க்காமலே தானாக வந்து சேர்ந்த ஒற்றுமை பதிப்புரிமையில் குற்றமில்லை. கரு ஒன்றாக இருப்பது பிரச்சினையே அல்ல, அதைச் சொன்ன விதத்தை எடுத்தாரா என்றே பார்க்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது.

ஏழு நாள் கெடு அவராக வைத்தது. அது நீதிமன்றக் கெடு அல்ல. ஆனாலும் அதற்குள் பதில் போய்விடட்டும். நான்கு வரி போதும்: உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, என் பேட்டர்ன் என் சொந்த உழைப்பு, உங்களுடையதைப் பார்த்ததில்லை, எந்த எழுத்து, சார்ட், படம் என்னுடையதில் இருக்கிறது என்று குறிப்பிட்டு அனுப்புங்கள், அதுவரை கோரிக்கையை ஏற்பதற்கில்லை. மன்னிப்பு வேண்டாம், "தெரியாமல் நடந்திருக்கலாம்" என்ற பெருந்தன்மை வேண்டவே வேண்டாம், கோப்பை அவசரமாக நீக்கவும் வேண்டாம். ஸ்கார்ஃபுக்காகப் பின்னிப் பிரித்த மாதிரித் துண்டுகள், பென்சில் கிறுக்கல், நூல் வாங்கிய ரசீது, கோப்பின் தேதிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். படைப்பின் தேதியை நிரூபிக்கத் தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறை பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் நினைக்கும் மதிப்பு கிடையாது. இன்னொன்றையும் சரிபாருங்கள்: அந்த ஸ்கார்ஃபைப் பகிர்ந்தபோது எங்காவது "இன்னாருடைய டிசைன் பார்த்து ஆசைப்பட்டு" என்று எழுதினீர்களா? பணிவுக்காக எழுதும் இந்த மாதிரி வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொண்டுவருவார். எழுதியிருந்தால் பதில் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அவர் விடாமல் மிரட்டினால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். ஆதாரமில்லாத வழக்கு மிரட்டலுக்கு எதிராக நீங்களே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். அவர் தாமதிக்காமல் உண்மையாகவே வழக்குப் போட்டுவிட்டால் மட்டும் இந்த வழி அடைபடும். எல்லா நாட்டிலும் பதிப்புரிமைக்கு இப்படி ஒரு பிரிவு இருக்காது, உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பேட்டர்னை வெளியிடும் முன் உங்கள் உரிம வரியை மாற்றி எழுதுங்கள். "இந்தக் கோப்பின் எழுத்து, சார்ட், படம் ஆகியவற்றை அனுமதியின்றி நகலெடுக்கவோ, மொழிபெயர்க்கவோ, விற்கவோ கூடாது, பின்னியதை விற்பவர்கள் வடிவமைப்பாளர் பெயரைக் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தால், உத்தரவும் வேண்டுகோளும் அதனதன் இடத்தில் நிற்கும். யார் வேண்டுமானாலும் நிபந்தனைக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடலாமா என்று யோசித்தால், கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது என்பதை மறக்காதீர்கள். அதில் வணிகத்துக்கு அல்ல என்ற நிபந்தனை கோப்பைத்தான் கட்டும், பின்னிய ஸ்கார்ஃபை அல்ல. பேட்டர்னைச் சோதித்துப் பின்னித் தருகிறவர்கள் எடுத்து அனுப்பும் படத்தின் உரிமை அவர்களுடையது. அதை வெளியிட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், ஒரு வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. நூல் நிறுவனம் ஏதாவது பேட்டர்ன் கேட்டு வந்தால், காசைப் பார்க்கும் முன் உரிமையை முழுதாக எழுதிக் கேட்கிறார்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த மட்டும் கேட்கிறார்களா என்று பாருங்கள். இந்தியச் சட்டத்தில் உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்வார்கள்; அவர்கள் வழக்கறிஞருக்கு இது தெரியும், ஆகவே இரண்டையும் எழுதியேதான் கொண்டுவருவார்.