படம் வரையாதவரின் மங்கா

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். சிறுவயதில் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவன். சில ஆண்டுகளாகச் சித்திரக்கதைகளுக்குக் கதை எழுதிப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக இழுக்க வராது. ஓவியம் தெரிந்த நண்பன் ஒருவன், "கண்ணுக்குத் தெரிவது படம்தான். நீ தருவது நாலு வரி. அதை நானே யோசித்துக்கொள்வேன்" என்கிறான்.

அண்மையில் 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, ஆங்கிலத்தில் படித்தேன். அட்டையில் இரண்டு பெயர்கள்: கசுவோ கொய்கே, கொசெக்கி கொஜிமா. கொஜிமா வரைந்தவர். பக்கம் பக்கமாக வசனமே இல்லாத அந்தப் புத்தகத்தில் எழுத்தாளர் கொய்கேயின் வேலைதான் என்ன? பாத்திரம் சரியாக அமைந்துவிட்டால் கதை தன்னால் வரும் என்பது அவருடைய கொள்கை என்றும் படித்தேன். கதைக் கட்டுமானத்தைப் பற்றியே எப்போதும் பேசுகிற நீங்கள் இதை ஒப்புக்கொள்வீர்களா? வரையத் தெரியாதவனுக்கு அந்தத் துறையில் பிழைப்பு உண்டா? நான் எழுதிய ஒரு கதையின் முதல் பத்துப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகன்,
மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நாலு வரியை நானே யோசித்துக்கொள்வேன் என்று சொல்லும் ஓவியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலர் உண்மையிலேயே யோசித்தும் விடுகிறார்கள். ஜப்பானிலும் ஒருவரே எழுதி வரைவதுதான் பெருவழக்கு. ஆனால் கதை ஒருவர், படம் ஒருவர் என்று இருவராகச் செய்வதும் அங்கே நெடுநாளாக நிலைபெற்ற தொழில்முறை. எழுத்தாளர் திரைக்கதை போன்ற ஒரு பிரதியைத் தருவார். ஓவியர் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பென்சிலில் கரட்டு வடிவம் போடுவார். அதற்கு 'நேம்' என்று பெயர். பத்திரிகை ஆசிரியர் அதைப் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகுதான் மை. 'டெத் நோட்' எழுதிய சுகுமி ஓபா போன்ற சிலர் அந்தக் கட்டப் பிரிப்பையும் தாங்களே செய்து ஓவியரிடம் கொடுப்பதுண்டு. கொய்கே அந்த வகையல்லர், எழுத்தோடு நின்றவர்.

அவர் வந்த வழியைப் பாருங்கள். 1936இல் வட ஜப்பானில் அகிதா மாகாணத்தில் பிறந்தார். சட்டம் படித்தார். சரித்திரக் கதைகள் எழுதிய யமாதே கியிச்சிரோவிடம் எழுத்துப் பயின்றார். நாவலாசிரியராகவே ஆகியிருக்க வேண்டியவர். அறுபதுகளின் இறுதியில் ஓவியர் தகாவோ சைதோவின் மங்கா நிறுவனத்தில் சேர்ந்தது அவரைத் திசைதிருப்பியது. சைதோ தம் கூடத்தை ஒரு திரைப்பட நிறுவனம்போல் நடத்தினார். கதை எழுத ஒருவர், பின்னணி வரைய ஒருவர், துப்பாக்கிகளையும் வாகனங்களையும் வரைய வேறொருவர் என்று வேலையைப் பங்கிட்டார். 1968இல் தொடங்கிய 'கொல்கோ 13' அங்கே உருவானது. அதன் தொடக்கக் கதைகளில் கொய்கேக்கும் பங்கு உண்டு. சைதோ 2021இல் இறந்த பிறகும் அந்தத் தொடர் நிற்கவில்லை என்பதிலிருந்தே அந்த ஏற்பாட்டின் பலத்தைப் புரிந்துகொள்ளலாம். மங்காவுக்கு எழுதுவது தனியாக ஒருவர் செய்யத்தக்க முழுநேர வேலை என்பதைக் கொய்கே அங்கேதான் கண்டார்.

1970 செப்டம்பரில், 34 வயதில், 'மங்கா ஆக்‌ஷன்' வார இதழில் கொஜிமாவோடு சேர்ந்து நீங்கள் படித்த தொடரைத் தொடங்கினார். ஜப்பானியத் தலைப்பு 'கொசுரே ஓகாமி'. 1976 வரை ஓடி, 28 தொகுதிகளாக நிறைந்தது. கொஜிமா கொய்கேயைவிட எட்டு வயது மூத்தவர். திரையரங்குகளுக்கு விளம்பரப் படம் வரைந்து, தெருவில் படம் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்கு வரைந்து, வாடகைப் புத்தகங்களுக்கு வரைந்து வந்தவர். மங்காவின் பிதாமகர் என்று கொண்டாடப்படும் ஒசாமு தெசுகா பிறந்த அதே நாளில், 1928 நவம்பர் 3இல், பிறந்தவர். தெசுகாவின் வழவழப்பான கோட்டுக்கும் கொஜிமாவின் தூரிகைக் கீறலுக்கும் சம்பந்தமே இல்லை. ஜாதகத்தை நம்புகிறவர்கள் யோசிக்கட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வசனமில்லாத பக்கத்தில் எழுத்தாளர் எங்கே இருக்கிறார்?

முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவன் மரவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். வாளும் வாடகைக்கு, பிள்ளையும் வாடகைக்கு என்று ஒரு கொடி. அவன் யார், ஏன் கூலிக்குக் கொலை செய்கிறான், கைக்குழந்தையை ஏன் அந்த வழியில் இழுத்துப்போகிறான் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆள், ஒகாமி இட்டோ, ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அதிகாரபூர்வ மரண தண்டனையாளராக இருந்தவன், யாக்யூ குலத்தின் சதியால் மனைவியையும் பதவியையும் இழந்தவன் என்ற முன்கதை முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில்தான் விரிகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் சதியில் ஆரம்பித்திருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பேன். கொய்கே முதலில் ஆளை நிறுத்துகிறார். காரணத்தை நாம் கேட்டு ஏங்கிய பிறகு கொடுக்கிறார்.

அந்த முன்கதையில் வரும் காட்சி தெரியும் அல்லவா? நடக்கத் தொடங்காத மகன் டைகோரோவுக்கு முன்னால் தகப்பன் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் தாயிடம் அனுப்பிவிடுவேன் என்கிறான். அதாவது தன் கையாலேயே கொல்வேன் என்கிறான். வாளைத் தொட்டால் கூடவே வரலாம். பிறகு பேச்சில்லை. குழந்தை தவழ்கிறது. கொஜிமா அந்தக் கண்களையும் கைகளையும் வரைகிறார். தகப்பனுக்கு வியர்க்கிறது, நமக்கும் வியர்க்கிறது. உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தத் தேர்வு முன்னால் வைக்கப்படாவிட்டால், குழந்தை தவழும் படத்துக்கு யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்? குழந்தைக்கு என்ன நடக்கிறதென்று அதற்கே தெரியாது. தெரிந்த ஒருவன் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறான். அந்த மௌனத்தை உண்டாக்கியது எழுத்து, நமக்குக் காட்டியது தூரிகை. இரண்டையும் பிரித்து நிறுத்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்று. பல அத்தியாயங்களில் இட்டோ பாதிவரை வருவதே இல்லை. கொல்லப்படப் போகிறவனின் வீட்டையும் வேலையையும் நாட்கணக்கில் காட்டுவார்கள். அவன் நல்லவனாகவும் இருப்பான். வண்டிச் சக்கரம் தெரிந்தவுடன் நமக்கு வயிறு கலங்கும். சில அத்தியாயங்களில் டைகோரோ மட்டும் தனியே அலைவான். நாயகனை இப்படி ஒளித்துவைக்கும் துணிச்சல், பாத்திரம் கெட்டியாக நின்றுவிட்டது என்ற நம்பிக்கையிலிருந்து வருவது. இட்டோவின் பதவி வரலாற்றில் இருந்ததே இல்லை தெரியுமா? ஷோகுனுக்காகத் தலைகொய்யும் அந்த உத்தியோகம் முழுக்கக் கொய்கேயின் கற்பனை. சுற்றிலும் ஷோகுன்கள் ஆண்ட மெய்யான எடோ காலத்துச் சம்பளக் கணக்கு, சாதிப் பிரிவு, தண்டனை முறை எல்லாம் அடுக்கி, நடுவில் இந்தப் பொய்யைச் செருகிவிட்டார். இதே இருவர் செய்த 'குபிகிரி ஆசா'வில் மட்டும் அவர் மெய்யான யமாதா ஆசாஎமோன் வம்சத்தை எடுத்துக்கொண்டார். பரம்பரையாக வாள்களைச் சோதித்தும் தண்டனை நிறைவேற்றியும் வந்த குடும்பம் அது.

ஆகவே, அவருடைய கொள்கையை ஒப்புக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு: பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னதையும் அவர் செய்ததையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இட்டோவை நிற்கவைப்பது அவனுடைய வீரம் மட்டும் அல்ல. எதிரே யாக்யூ ரெட்சுடோ என்ற கிழவன் நிற்கிறான். பிள்ளைகளை ஒவ்வொருவராக இந்தப் பகைக்குப் பலி கொடுத்தும் வளையாதவன். தொடர் போகப்போக அவன்மேல் நமக்கு மரியாதையே வந்துவிடும். கடைசிப் பக்கங்களைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன், ஆனால் ரெட்சுடோ இல்லாமல் அந்த முடிவு இல்லை. பாத்திரம் என்று கொய்கே சொன்னது உண்மையில் இரண்டு பேருக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றை. என் பாஷையில் அதற்குக் கட்டுமானம் என்றே பெயர்.

கொள்கை சூத்திரமானபோது அவருடைய எழுத்தே இளைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ரியோயிச்சி இகெகாமியோடு செய்த 'க்ரையிங் ஃப்ரீமன்' படத்தில் ஒளிர்கிறது. கதையில், கொலை செய்துவிட்டுக் கண்ணீர் விடும் அழகன் என்ற ஒரே யோசனையைத் தொகுதி தொகுதியாக நீட்டுகிறார். பெண்களை அவர் நடத்திய விதம் இளவயதுப் படைப்புகளிலேயே உறுத்தும். பின்னால் சகிக்க முடியவில்லை. இத்தனைக்கும் 1972இல் கசுவோ கமிமுராவுடன் 'லேடி ஸ்னோபிளட்' என்ற அற்புதமான பெண் நாயகியைப் படைத்தவர் அவர். தாயின் பழியைத் தீர்ப்பதற்காகவே சிறையில் பிறந்தவள் யூகி. அடுத்த ஆண்டு வந்த படத்தில் மெய்கோ காஜி பாடிய பாட்டின் வரிகளும் கொய்கேயுடையவை. முப்பது ஆண்டு கழித்து இயக்குநர் டரன்டினோ 'கில் பில்' படத்தில் அதே பாட்டைச் சேர்த்தார். கொஜிமா 2000இல் இறந்த பிறகு வேறொரு ஓவியரோடு 'கொசுரே ஓகாமி' கதையை நீட்டினார். அதை நான் பாதியில் வைத்துவிட்டேன்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1972ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொசுரே ஓகாமி' ஓடிக்கொண்டிருந்தது, 'குபிகிரி ஆசா' தொடங்கியது, 'லேடி ஸ்னோபிளட்' தொடங்கியது, போதாததற்கு இட்டோவாக டொமிசாபுரோ வகயாமா நடித்த படங்களுக்குத் திரைக்கதையும் எழுதினார். உதவியாளர்கள் சூழ்ந்திருந்தாலும் ஓவியரை ஒரு வாரத் தொடரே விழுங்கிவிடும். எழுதுகிறவர் மூன்று தொடர்களை ஒன்றாகத் தாங்கலாம். பதிப்புரிமையில் இருவருக்கும் பங்கு. ஆகவே அங்கே வரையத் தெரியாதது குறையே அல்ல. பிறகு சொந்தமாகப் பதிப்பு நிறுவனம் நடத்தினார், கோல்ஃப் பத்திரிகைகூட நடத்தினார். இங்கே அப்படிப்பட்ட வார இதழ்களும் இல்லை, அவற்றை வாங்கும் கூட்டமும் இல்லை. வங்கி வேலையை விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், அவருடைய தொகுதிகளுக்குச் சமமாக வைக்கத்தக்கது 1977இல் அவர் தொடங்கிய பள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் யோஷிதா ஷோயின் தம் கிராமத்தில் நடத்திய புகழ்பெற்ற பள்ளியை நினைவூட்டும்படி 'கெகிகா சொன்ஜுகு' என்று பெயர் வைத்தார். ரூமிகோ தகாஹாஷி அங்கே படித்தார். அப்போது கல்லூரி மாணவி, 1978இலேயே 'உருசெய் யட்சுரா' என்ற மங்காவைத் தொடங்கிவிட்டார். 'ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார்' வரைந்த டெட்சுவோ ஹரா, 'பாகி' மங்காவின் கெய்சுகே இதகாகி, 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, 'வேம்பையர் ஹன்டர் டி' எழுதிய ஹிதெயுகி கிகுச்சி எல்லாரும் அங்கே பயின்றவர்கள். இவர்களில் ஒருவர்கூடக் கொய்கேபோல் எழுதவில்லை. தகாஹாஷியின் நகைச்சுவையில் ஒரு துளிகூட ஆசிரியரிடம் கிடையாது. ஆனால் 'உருசெய் யட்சுரா'வில் வரும் லம் என்ற அந்தப் பெண் முதல் பார்வையிலேயே மனத்தில் ஒட்டிக்கொள்கிறாள் அல்லவா, அது அங்கே கற்றது என்றுதான் நினைக்கிறேன்.

கொய்கே 2019 ஏப்ரல் 17இல் காலமானார். 'லூபின்' மங்காவைப் படைத்த மங்கி பஞ்ச் இறந்து ஆறே நாளாகியிருந்தது. இருவருமே 'மங்கா ஆக்‌ஷன்' இதழில் வளர்ந்தவர்கள்.

உங்கள் பத்துப் பக்கங்களுக்கு வருகிறேன். முதல் நான்கு பக்கங்கள் நாயகனின் அப்பா பட்ட கடனை விளக்குகின்றன. ஐந்தாவது பக்கத்தில் நாயகன் தேநீர் குடிக்கிறார். ஏழாம் பக்கத்தில், கடன் கொடுத்தவனின் மகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஒப்புக்கொள்கிறார் பாருங்கள், உங்கள் கதை அங்கே இருக்கிறது. ஏழிலிருந்து ஆரம்பியுங்கள். கடனைப் பற்றி இருபதாம் பக்கம்வரை யாரும் வாயே திறக்க வேண்டாம். கிணற்றடிக் காட்சியில் நீங்கள் எழுதிய பதினொரு வசனங்களையும் அடித்துவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை மட்டும் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் வரைந்து தந்ததும் இருவர் பெயரையும் போட்டு எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.